தொட்டியின் அடிமண்

ஃபிஜியில் பா என்ற ஊரில் எங்கள் கரும்பு வயலின் குத்தகை முடிந்தது. புதுப்பித்துத் தரவில்லை. தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்துக் கடைகளைச் சூறையாடிய ஆண்டு அது. சுவாவுக்குப் பக்கத்தில் நகாசியில் ஒரு வீட்டு மாடிக்குக் குடிவந்தோம். பாத்திரங்களில் பாதியை விட்டுவிட்டு, என் கணவர் மூன்று மாவுச் சாக்கு நிறைய வயல் மண்ணை லாரியில் ஏற்றிவந்தார். எதற்கு என்று கேட்டால் சண்டை வரும் என்று நான் கேட்கவில்லை.

நியூசிலாந்து விசா இருவருக்கும் வந்துவிட்டது. எனக்கு அங்கே பள்ளியில் வேலையும் தயார். தமிழ்நாட்டிலிருந்து டீச்சராக ஃபிஜிக்கு வந்தவள்தானே, இன்னொரு நாடு உனக்கு என்ன பெரிய விஷயம் என்றார்கள் தெரிந்தவர்கள். அவர்கள் வாயில் மண் விழ. என் கணவரோ அந்த வயல் மண்ணிலேயே பிறந்தவர். சாக்குகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துவிட்டார். சவரமில்லை, சரியான சாப்பாடில்லை. இப்படியே செத்துப்போவார் என்று பயந்தேன்.

நாட்டைவிட்டுப் போன கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு கண்ணாடி மீன்தொட்டியை விட்டுப்போயிருந்தார்கள்.

"இந்த மண்ணை இதுல போட்டு நீர்ச்செடி வளர்க்கலாமே" என்றேன். எழுந்து நடமாடினால் விமானத்திலும் ஏறிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

எழுந்தார். என் மாவுச் சல்லடையில் மண்ணைச் சலித்து, வேர்த்துணுக்கு பொறுக்கி, நனைத்துக் காயவைத்தார். மண் தண்ணீரில் கலங்காதிருக்க மேலே மணல் வேண்டும். ஓர் உறவுக்காரர் சவேனி என்ற கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டுவந்தார். இவர் அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். நுரைத்தது.

"பூரா சிப்பித்தூளு. செடிக்கு ஆவாது" என்று கொட்டிவிட்டு, நவுசோரிப் பக்கம் போய் ஆற்று மணல் அள்ளிவந்து, தெளிவாக வடியும்வரை அலசினார். அன்று இரண்டு கறி சமைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு, முட்டாளுக்கு.

எனக்குத் தெரியாமல் அடியில் இன்னொன்றையும் போட்டிருந்தார். சாறு வடிகட்டியதும் சர்க்கரை ஆலை வெளியே தள்ளும் கருப்புச் சேறு. கரும்புக்காரர்களின் எரு. அதற்கு மேல் ஒரு விரல் வயல் மண், இரண்டு விரல் மணல். ஓடையிலிருந்து கொண்டுவந்த செடிகளை நட்டு, மணல் கலையாமல் தட்டின் மேல் தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் நாள் தண்ணீர் டீ நிறமானது. நாற்றக் குமிழிகள் எழுந்தன. விட்ட மீன்களெல்லாம் செத்து மிதந்தன.

"இது கேத் இல்லை! கண்ணாடித் தொட்டி! நமக்கு இப்ப கேத்தே கிடையாது!" என்று கத்தினேன். வயலை ஃபிஜி இந்தியர்கள் கேத் என்பார்கள். அந்தச் சொல்லை அப்படி அவர் முகத்தில் எறிந்திருக்கக் கூடாது.

அவர் கோபப்படவில்லை. "தண்ணி தெளியட்டும். நட்டத பாதில வுட்டுட்டு எப்பிடி வர்றது? நீ முன்னால போ. தெளிஞ்சதும் வந்துர்றேன்."

நியூசிலாந்துக்குள் நுழைய அவர் விசாவில் இன்னும் ஐந்து மாதம் கெடு இருந்தது. என் வேலை காத்திருக்காது. விமான நிலையத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் பார்க்க அழுதேன். என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

ஞாயிறுதோறும் வீட்டுக்காரம்மாவின் போனுக்குக் கூப்பிட்டேன். தண்ணி தெளிஞ்சுதா என்பதுதான் முதல் கேள்வி. "இன்னும் இல்ல" என்பார். சேற்றை எடுத்துக் கொட்டுங்கள் என்று கெஞ்சினேன், திட்டினேன். மாதங்கள் போயின.

கெடு முடியும் வாரம் அந்தம்மாதான் போனை எடுத்தார். அவரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, இந்தியில் ஆசையாகப் பேசிக்கொண்டே போனார். தொட்டி எவ்வளவு அழகு, தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, தெளிந்து மூன்று மாதம் இருக்கும், தெருப் பிள்ளைகளெல்லாம் வந்து பார்க்கிறார்கள் என்றார்.

பிறகு அவர் வந்தார்.

"தண்ணி தெளிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இன்னும் கலங்கலாத்தான் கெடக்குது."

"சரி, தெளியட்டும்" என்றேன்.