கீழ்வரிசை முகங்கள்

எஸ்.பி. அம்மாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமன்கள் ஒன்பது பேருக்கு நரையைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர் செல்போனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"எஸ்.பி. அம்மாவத் தூக்கிட்டாய்ங்கப்பா. டிவில ஓடுது" என்றார்.

வேற மாவட்டமா இருக்கும் என்றேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் அந்த அம்மாவின் படம், பெரிய பேனர் ஒன்றில். அது என் கடையில் அடித்த பேனர்.

என் ஒரே தங்கையை நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு அரை ஏக்கர் மல்லிகை. அமைதியான மனுஷன்தான், ஆனால் கண்மாயில் திருட்டு மண் அள்ளுகிறவர்கள் மேல் மட்டும் அவருக்கு ஆத்திரம் அடங்காது. மனு மேல் மனு எழுதுவார். போன வருடம் ஒருநாள், விடிந்தும் விடியாத நேரத்தில், பறித்த பூவை மொபெட்டில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர் மேல் ஒரு மண் லாரி ஏறிவிட்டது. 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதி வழக்கை மூடப் பார்த்தார்கள்.

ஆனால் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அடுத்த தோட்டத்துக்காரர். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பூப் பறித்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு நிமிர்ந்திருக்கிறார். லாரி இடித்துவிட்டு நின்றதையும், பின்னால் வந்து மறுபடி ஒருமுறை ஏறியதையும் பார்த்தார். ஓட்டியவனையும் பார்த்தார். அவன் அந்த வட்டாரத்தில் கட்சிக்காரர் ஒருவரின் மச்சான். இந்தக் கட்சிக்காரர் கண் காட்டினால்தான் அங்கே எதுவும் நடக்கும். பார்த்ததை என் தங்கையிடம் சொல்லிவிட்டு அந்தத் தோட்டத்துக்காரர் அழுதாராம்.

இந்தச் சமயத்தில்தான் அந்த எஸ்.பி. அம்மா மாவட்டத்துக்கு வந்தார். மனு வாங்கும் நாளில் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். இதற்கு முன்னால் போன இடங்களிலெல்லாம் மனுவை வாங்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டிவிடுவார்கள். இவர் கடைசி வரி வரை படித்தார். தங்கைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பார்த்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார். நாங்கள் பெயரைச் சொன்னோம்.

"இந்தப் பேரு இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. சொந்தக்காரங்க கிட்டகூட சொல்லாதீங்க" என்றார்.

சத்தியமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை.

ஒரு மாதத்துக்குள் அந்த மச்சானைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கட்சிக்காரர் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றதை ஜனம் கூடி நின்று பார்த்தது. மாஜிஸ்திரேட் முன்னால் அந்தத் தோட்டத்துக்காரர் வாக்குமூலம் கொடுத்துவிட்டால் வழக்கை யாராலும் அசைக்க முடியாது என்றார்கள். அதற்கு ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார்கள். என் தங்கை அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

கிராமத்துக்காரர்கள் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி, பூ மார்க்கெட்டுக்குப் போகிற முக்கில் ஒரு பேனர் வைக்க வேண்டும் என்றார்கள். காசே வேண்டாம், நானே அடிக்கிறேன் என்றேன். மேலே அவர் படம், சல்யூட் அடிக்கிற மாதிரி. கீழே வழக்கம் போல ஊர்க்காரர் முகங்கள், முப்பதுக்கு மேல். தோட்டத்துக்காரர் மட்டும் தயங்கினார்.

"நான் எதுக்கு தம்பி?"

"ஊரே இருக்கும்போது நீங்க இல்லாம எப்டிண்ணே? கூட்டத்தோட கூட்டமா இருந்துட்டுப் போங்க" என்றேன். மகள் சடங்குக்கு எடுத்த போட்டோவைக் கொடுத்தார். நீலச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு.

கூட்டத்தோடு கூட்டமாகப் போட்டிருந்தால் பரவாயில்லை. என் கைதான் கேட்கவில்லை. அந்த மனுஷன் செய்வது எத்தனை பெரிய காரியம், அதற்கு நான் வேறு எப்படி மரியாதை செய்வேன் என்று நினைத்தேன். கீழ்வரிசையில் முதலாவதாக என் தங்கை, அவளுக்கு அடுத்து அவர். மற்ற முகங்களைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. இறந்து போனவரின் கூடப்பிறந்த அண்ணனே அவருக்குப் பிறகுதான் வந்தார்.

பதினெட்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸில் எழுத்தை யாரும் படிப்பதில்லை. எந்த முகம் எங்கே இருக்கிறது, எது பெரிது, எது சிறிது, யாருக்குப் பக்கத்தில் யார் என்றுதான் பார்ப்பார்கள். இதற்காக என் கடை வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்ட பங்காளிகள் உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில் தாலி அறுத்தவளுக்குப் பக்கத்தில், சாதிசனம் இல்லாத, மதம்கூட வேறான ஒரு ஆள் எதற்கு இத்தனை பெரிதாக இருக்கிறான்? பேனர் கட்டிய அன்றைக்கே இதைக் கேட்டிருப்பார்கள். எனக்கு மட்டும் உறைக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

எஸ்.பி. ஆபீஸிலிருந்து ஒரு போலீஸ்காரர் போன் செய்தார். "அம்மா ரொம்பக் கோவமா இருக்காங்க. ஒடனே அவுத்துருங்க" என்றார். தன்னடக்கம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மறுநாள் முகூர்த்த நாள், பூ மார்க்கெட்டில் கூட்டம் அலைமோதும், அதுவரை இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம். இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் எத்தனை பேர் போட்டோ எடுத்தார்களோ.

வெள்ளிக்கிழமை மதியம் சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. அரசு அதிகாரி தனக்குத்தானே விளம்பரம் தேடிக்கொண்டார், ஒரு தரப்புக்கு ஆதரவாக நடந்தார் என்று காரணம் சொன்னார்கள். ஆதாரம் என் பேனர். பேனர் இல்லாவிட்டால் வேறு எதையாவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று என் மனைவி இன்றைக்கும் ஆறுதல் சொல்கிறாள். இருக்கலாம். ஆனாலும் அவர்கள் தேடுவதற்கு முன்னால் தட்டில் வைத்து நீட்டியவன் நான்தானே.

அந்த இரண்டு மூன்று நாளும் ஊரில் வேறு பேச்சே இல்லை. பேச்சு என்றால் உரக்கப் பேசியது இல்லை. பிரியாணிக் கடையில் கை கழுவுகிற இடத்தில், டவுன் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, முணுமுணு என்று. அந்த அம்மாவிடம் மனு கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. நிலத்தைப் பறிகொடுத்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்து, மனுவுக்குக் கொடுத்த ரசீது இனி செல்லுமா செல்லாதா என்று என்னைக் கேட்டார். நான் என்ன வக்கீலா? பேப்பரில் வேறு இரண்டு மாவட்டத்திலும் இதே மாதிரி பெரிய அதிகாரிகளைத் தூக்கிய செய்தி வந்தது. எப்போதும் என் கடையில் டீ குடிக்கிற ஏட்டு, அன்றைக்குக் கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"எஸ்.பி.க்கே இந்தக் கதின்னா, நாங்கள்லாம் எம்மாத்திரம்? இனிமே எவன் மேலயும் எவனும் கை வைக்க மாட்டான்ண்ணே. புள்ளகுட்டிக்காரய்ங்க நாங்க."

மாதா கோவிலில் ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசித்த பெண், 'நேர்மைக்காகத் துன்புறும் அதிகாரிகளுக்காக' என்று வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்ல நானே சுற்றுமுற்றும் பார்த்தேன்.

தங்கை மணிக்கொரு தரம் போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணே, திங்கக்கெழம அவரு வருவாருல்ல?"

வருவார் தாயி என்று சொல்லிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் தோட்டத்துக்கே போனேன். மல்லிகைக்குத் தண்ணீர் பாயவில்லை. மோட்டார் ஒயரை முந்தின நாள் யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். அவர் வரப்பில் உட்கார்ந்து அதை முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"போன்ல அந்தப் பேனரக் கொண்டாந்து காட்டுனாய்ங்க தம்பி. என் மூஞ்சியச் சுத்தி சிவப்பா வட்டம் போட்டு வச்சிருக்காய்ங்க. நீ யாருடா அந்தப் பொம்பளைக்கி, எதுக்குடா அம்புட்டுப் பெருசா நிக்கிறன்னு கேட்டாய்ங்க."

நான் கீழே கிடந்த ஒயரின் மறுமுனையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"என்னைய எதுக்கு தம்பி முன்னாடி கொண்டாந்து போட்டீங்க?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை கோர்ட் வாசலில் தங்கையும் நானும் காலையிலிருந்து நின்றோம். அவர் வரவில்லை. காய்ச்சல் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அடுத்து குறித்த தேதியில் வந்தார், எங்கள் பக்கம் திரும்பாமல் உள்ளே போனார், போன வேகத்தில் வெளியே வந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கோழைப்பயல், சோற்றைத் தின்கிறானா வேறு எதையாவது தின்கிறானா என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஏசினேன். தங்கைதான் என்னை அடக்கினாள். "விடுண்ணே. அவருக்கும் ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. நீயும் நல்லதுக்குத்தான செஞ்ச" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மச்சான் ஜாமீனில் வந்தான். புது எஸ்.பி. வந்தார். அவர் வந்த மூன்றாம் நாள் அந்தக் கட்சிக்காரர் என் கடைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"புது எஸ்.பி. சார வரவேத்து ஒரு பேனர் அடிக்கணும்ண்ணே. பழச எடுங்க, அந்த டிசைன் நல்லாத்தான் இருந்துச்சு. மேல படத்த மட்டும் மாத்துங்க."

கீழே போட வேண்டிய முகங்களை ஒவ்வொன்றாக என் போனுக்கு அனுப்பினார். நான் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதே என்றேன்.

"அது உங்ககிட்டயே இருக்காம்ல. நீலச் சட்டை. அவரே சொன்னாரு" என்றார். "அதே எடத்துல, அதே சைஸ்ல இருக்கட்டும். பக்கத்துல இருக்க பொம்பளய எடுத்துட்டு, எங்க மச்சானப் போடுங்க."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மெஷின் ரிப்பேர் என்றாவது சொல்லியிருக்கலாம். வாய்க்கொழுப்பில் எனக்கு ஊரில் பெயர் உண்டு, ஆனால் அன்றைக்குப் பழைய ஃபைலைத்தான் திறந்தேன். என் மகள் எந்தக் காலேஜில் படிக்கிறாள் என்று அவர் தண்ணீர் குடிக்கும்போதே விசாரித்திருந்தார். என் தங்கையின் முகத்தை நானே சுற்றி வெட்டி எடுத்தேன். அந்த இடத்தில் அவனை வைத்தேன். இரண்டு முகமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அவர் குனிந்து சரிபார்த்தார்.

முன்பு கட்டியிருந்த அதே முக்கில்தான் கட்டினார்கள். இந்த முறை அவிழ்க்கச் சொல்லி யாரும் போன் செய்யவில்லை. தங்கை இப்போது பூப்பையோடு பஸ்ஸில் அந்த வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறாள். அன்று காலையே கூப்பிட்டாள்.

"அண்ணே, முக்குல ஒரு பேனர் கெட்டியிருக்காய்ங்க. நம்ம கடையில அடிச்ச மாதிரியே இருக்கு. யாருண்ணே அடிச்சது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி" என்றேன்.

பஸ் இரைச்சலுக்குள் அவள் கண்டக்டரிடம் சில்லறை கொடுப்பது கேட்டது. பிறகு, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.