அக்காவின் ரத்தத்தில் என்ன கோளாறு?

கோத்தன்பர்க்கில் எங்கள் அலுவலகத்தில் காலை ஒன்பதரைக்கு ‘ஃபீக்கா’. எல்லாரும் கூடி உட்கார்ந்து காபி குடிக்கிற நேரம். போன மாதம் காரின் என்கிற சக ஊழியை, வாயில் ரொட்டியோடு, ஆண்கள் நாலு பேர் முன்னாலேயே சொன்னாள்: அவளுடைய கருப்பை வாயில் செல்கள் மாறியிருக்கின்றனவாம். உடலுறவில் தொற்றுகிற எச்.பி.வி. வைரஸின் வேலை, கவனிக்காமல் விட்டால் பின்னாளில் புற்றுநோயாகலாமாம். “எப்போது சிகிச்சை? உன் வியாழக்கிழமை வேலையை நான் பார்க்கட்டுமா?” என்றான் ஒருவன். அடுத்த நிமிடம் பேச்சு பனிமழைக்குத் தாவிவிட்டது. எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

மதுரை ஆரப்பாளையத்தில் இருக்கும் என் அக்கா ஸ்டெல்லாவுக்கும் இதே கோளாறு. மிஷன் பள்ளி ஆசிரியை அவள். ஒரு முகாமில் கண்டுபிடித்தார்கள். சின்னச் சிகிச்சைதான், தள்ளிப்போடாதீர்கள் என்றிருக்கிறார் டாக்டர். அவள் மாமியார் கேட்ட முதல் கேள்வி, “எவன்கிட்ட வாங்கிட்டு வந்த?” இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டுக்கு உழைத்துக் கொட்டியவளைப் பார்த்து! பக்கத்தில் இருந்த அக்காவின் கணவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினாராம். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலெழுத்துப் படித்த திமிரில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினேன். இந்த வைரஸ் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வரும். கட்டிய புருஷனைத் தவிர யாரையும் அறியாதவளுக்கும் வரும். அநேகருடைய உடம்பு அதை அடையாளம் கண்டு விரட்டிவிடும். அடையாளம் காண உதவுகிற ஜீன்கள் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு அந்தக் காவல் கொஞ்சம் மந்தமாக அமைந்துவிடும், ஆபத்து சற்றுக் கூடும். கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே அது மாறும். இதில் ஒழுக்கத்துக்கு என்ன வேலை?

மாமியார் ஜீனை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப ஒங்க வம்சத்து ரத்தத்துலயே இருக்குன்னு நீயே சொல்லிட்ட. பேரையூர்க்காரக காதுல விழுந்தா எம் பேத்தியக் கட்டுவாகளா? சர்ச்சுல ஓலை வாசிச்சுத் தாலி ஏறட்டும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது.”

அக்கா மகள் ஜெனியைப் பேரையூரில் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு எட்டு மாதம் இருந்தது. இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டா என்று பாதிரியார் ஓலை வாசித்துக் கேட்கும்வரை அந்த வைரஸ் கைகட்டிக் காத்திருக்குமா? அக்காவைக் காப்பாற்ற நான் சொன்னதே அவள் கழுத்துக்கு வந்துவிட்டது.

அக்காவைப் போனில் அழைத்துக் கத்தினேன். “நீ இல்லாமப் போயிட்டா ஜெனிக்கு யாருக்கா இருக்கா?”

“இம்புட்டு நாள் பொறுத்தவ, எட்டு மாசம் பொறுக்க மாட்டேனா? ஒனக்கென்ன, அங்கன இருந்துக்கிட்டுப் பேசுற.” வைத்துவிட்டாள்.

நேற்று எனக்கும் அந்தக் கருப்பை வாய்ப் பரிசோதனை. இங்கே அழைப்பு தானாகவே தபாலில் வந்துவிடும். படுக்கையில் படுத்திருந்தேன். மாதிரி எடுக்கிற மருத்துவச்சி சாதாரணமாகக் கேட்டாள்: “உங்கள் அம்மாவுக்கோ சகோதரிக்கோ செல் மாற்றம் இருந்ததுண்டா?”

“நேய்” என்றேன். இல்லை என்று அர்த்தம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். உடம்பு கோத்தன்பர்க்கில் மல்லாந்து கிடக்க, நாக்கு மட்டும் ஆரப்பாளையத்தில், அக்காவின் மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது.