இரண்டு இட்டூப்புகளுக்கு ஒரே மணி

முட்டத்துக்கடவு மாதா கோயிலில் அவிராச்சன் இருபத்தாறு வருடமாகக் கப்பியார். மெழுகுதிரி ஏற்றுவது, அச்சனுக்குப் பூசை உடுப்பு எடுத்து வைப்பது, மணி அடிப்பது, யாராவது கண்ணை மூடினால் ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வது, எல்லாம் அவர் பொறுப்பு. ஆற்றின் இரண்டு கரையிலுமுள்ள முந்நூற்றுச் சொச்சம் வீடுகளின் நம்பரும் அவர் போனில் இருந்தன.

அந்தப் போனை மாற்றும்படி ஆனது மகள் ஜெஸ்னாவால். அயர்லாந்தில் நர்சாக இருக்கிறவள், நாலு மாதம் கூடுதல் வேலை பார்த்து, அப்பனுக்கென்று விலை கூடின ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்த தோழியிடம் கொடுத்தனுப்பினாள். பழையதும் இதுவும் வேறு வேறு கட்சி. அதில் இருப்பது இதில் தானாக வந்து உட்காராது. முச்சந்தியில் போன் கடை வைத்திருக்கும் பெண்தான் நம்பர்களை ஒருவழியாக இதற்குள் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று முதல் அவருக்கு நிம்மதி போயிற்று. பழையதில் கீழே ஓரிடத்தைத் தொட்டால் வந்த வழியே திரும்பலாம். இதில் ஓரத்திலிருந்து விரலால் இழுக்க வேண்டுமாம். இழுத்தால் வேறெதுவோ திறந்தது. பழைய சார்ஜ் ஒயரும் சேரவில்லை. சத்தத்தை அடைக்கத் தெரியாமல், ஒருநாள் அச்சன் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரத்தில் அது பாட ஆரம்பித்துவிட்டது.

"கல்யாணமான புதுசுல என்னைக்கூட நீங்க இப்படி உத்துப் பார்த்ததில்ல," என்றாள் மனைவி திரேசியா. "பழசையே எடுத்துக்கங்களேன், மனுஷா."

"பிள்ளை கண்ணு முழிச்சு சம்பாதிச்சு அனுப்பினது. பழசைக் கையில பார்த்தா அவ முகம் என்னாகும்?"

ஒருநாள் போனே ஒரு கேள்வி கேட்டது. ஒரே பெயர் இரண்டிரண்டாகக் கிடக்கிறதே, சேர்த்து ஒன்றாக்கட்டுமா என்று. கோயிலில் பாட்டுப் புத்தகம் கலைந்து கிடந்தாலே அடுக்கி வைக்கிற கை அவருடையது. சரி என்று தொட்டுவிட்டார்.

அந்தக் கரைகளில் மூத்த மகனுக்கு, தகப்பனைப் பெற்றவரின் பெயரைத்தான் வைப்பார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் மூத்தது ஆணாகப் பிறந்தால் இரண்டு பிள்ளைக்கும் ஒரே பெயர், ஒரே வீட்டுப் பெயர். மாளியேக்கல் இட்டூப்பு என்று இரண்டு பேர் இருந்தது அப்படித்தான். கிழக்குக் கரை இட்டூப்புக்கு அரிசி மில். மேற்குக் கரை இட்டூப்பு வாத்து மேய்ப்பவர். அவிராச்சனுக்கு எழுத்து குறைச்சல் என்பதால் இருவர் பெயரையும் ஒன்றுபோலவே எழுதி, ஒருவருக்கு மில் படமும் மற்றவருக்கு வாத்துப் படமும் வைத்திருந்தார். இப்போது இரண்டும் சேர்ந்ததில் மில் படம் தங்கியது, வாத்துப் படம் போயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலைப் பூசை முடிந்து திரிகளை அணைக்கும்போது செய்தி வந்தது. மில் படம். 'அப்பன் போயிட்டார். மணி அடிங்க.'

கிழக்குக் கரை இட்டூப்பு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவிராச்சன் சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். ஒரு அருள்நிறை மரியே சொல்லும் அளவு இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக அடித்தார். பிறகு ஒலிபெருக்கியில் சொன்னார்: "மாளியேக்கல் இட்டூப்பு, அரிசி மில் இட்டூப்பு, ரோசக்குட்டியின் கணவர், வயது அறுபத்திரண்டு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." தண்ணீர் மேல் அந்தக் குரல் இரண்டு கரைக்கும் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அதே மில் படம். மகன்தான் என்று நினைத்து, "மோனே, தைரியமா இரு," என்றார்.

"மோன் இல்லடா, நான்தான்." மூச்சு வாங்கியது. "எத்தனை மணிக்குடா நான் போனேன்? வாசல்ல வந்து நிக்கிற சனத்துக்குச் சொல்லணும்ல."

அவிராச்சன் போனைக் காதிலிருந்து எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தார்.

"ரோசக்குட்டி அடுப்படியிலிருந்து மாரடிச்சுக்கிட்டு ஓடியாறா. நான் கஞ்சி குடிச்சுக்கிட்டு..." அதற்கு மேல் பேச்சு இல்லை. கிண்ணம் விழுந்த சத்தம். பிறகு ரோசக்குட்டியின் அலறல்.

இட்டூப்பைப் படகில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே, அவிராச்சா," என்றார் அச்சன்.

"கேட்டிருக்கலாம் அச்சோ."

பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்குக் கரையிலிருந்து வாத்துக்கார இட்டூப்பின் மகன் சிரியாக் வந்து நின்றான். அப்பன் போனிலிருந்து செய்தி அனுப்பியது அவன்தான்.

"எங்கப்பன் விடியறப்போ போனவர். அவரோட மணியை அடிச்சு வேற ஆளுக்குக் கொடுத்துட்டீங்களே. வாத்து மேய்ச்சவன்தானேன்னா?"

"அப்படி நினைப்பேனா மோனே? என் கை செஞ்ச தப்பு."

மறுபடி அடித்தார். கயிறு கையில் வழுக்கியது. ஒவ்வொரு அடிக்கும், இது மில் இட்டூப்பின் காதில் விழாதிருக்கட்டும், அவர் உயிர் போகாதிருக்கட்டும் என்றே வேண்டினார். போனவருக்காக ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. அதுவும் ஒரு பாவமாக அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை ஜெஸ்னா வீடியோவில் கூப்பிட்டு, "போன் பழகிடுச்சா அப்பச்சா?" என்றாள். "பழகிடுச்சு மோளே," என்றார். கடைக்காரப் பெண், "சேர்ந்துபோன பேரையெல்லாம் பிரிச்சுக் கொடுக்கலாம் கப்பியாரே. ஆனா எது யாரோட நம்பர்னு நீங்கதான் சொல்லணும்," என்றிருந்தாள். அதற்காக மழையில் படகு படகாக ஏறி இறங்கி, ஒரே பெயர்க்காரர்களின் வீடுகளுக்கெல்லாம் போனார். "எங்க யாருக்கும் இன்னும் மணி அடிக்கலையே?" என்று சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இட்டூப்பு கண் திறந்துவிட்டார் என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைப் பார்த்ததும் ரோசக்குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாடா," என்றார் இட்டூப்பு. "மணியைக் கையோட கொண்டு வரலையா?"

"சேட்டா, நான்..."

"நல்லாத்தான் அடிச்சே. அவசரப்படாம." சிரிக்கப் போய், வலித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "விளையாட்டு இல்லடா. ஒரு நிமிஷம் நான் நம்பிட்டேன். கையில கஞ்சி சூடு தெரியுது. ஆனாலும் நம்பிட்டேன். கோயில்ல சொன்னா பொய்யா இருக்காதுன்னு."

அவிராச்சன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சாச்சு. மன்னிக்காம கர்த்தர்கிட்ட எந்த முகத்தோட போறது? ஆனா ஒண்ணு. நெசமாவே என் முறை வரும்போது நீ கயிறைத் தொடாதே. வேற யாராச்சும் அடிக்கட்டும்."

இட்டூப்பின் தகப்பனுக்கும் தாய்க்கும் மணி அடித்த கை அது.

"சரி சேட்டா," என்றார் அவிராச்சன்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அச்சனிடம் போய், சாவு மணி அடிக்கத் திரேசியாவுக்குக் கற்றுக்கொடுக்கட்டுமா என்று கேட்டார். யாருக்கு அடிக்க என்று அச்சன் கேட்கவில்லை.