சிக்னலில் நின்றபோது நான் கேட்ட கேள்விகள்

2005-ஆம் வருடம். கலிபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்குக் கிடைத்த விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. நானோ வாய் ஓயாமல் பேசுகிறவள். பகல் முழுக்க அப்பார்ட்மென்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்காதா?

மூன்றாவது தடவையில் டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணிய கையோடு, லைப்ரரி நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் கண்ணில் பட்டது. கார் ஓட்டத் தெரிந்த தொண்டர்கள் தேவை என்று போட்டிருந்தது. சேவை மனப்பான்மை எல்லாம் ஒன்றும் இல்லை, ஓட்டிப் பழகலாமே என்றுதான் போனேன்.

சிவப்பிந்தியர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள், அவர்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்தும் மையம் அது. பக்கத்தில் சான் ஹோசேயில் இருந்தது. மனதில் பெரிய அடி வாங்கியவர்கள் அங்கே வருவார்கள். ஆலோசனை சொல்பவர்களும் அவர்கள் இனத்தவர்தான். வட்டமாக உட்கார்வார்கள், ஏதோ ஒரு இலையைக் கொளுத்துவார்கள், நம் வீட்டில் சாம்பிராணி போட்டது மாதிரி மணக்கும். குறிப்பெடுக்க யார் கையிலும் நோட்டுப் புத்தகம் இருக்காது. வந்துபோக வசதி இல்லாதவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் என் வேலை.

மையத்தின் பொறுப்பாளர் என்னைவிட நாலைந்து வயது இளைய பெண். முதல் நாளே அவர் சொன்னது இரண்டு விஷயம். வாசலில் நின்று ஹார்ன் அடிக்கக் கூடாது. வருகிறவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது, அவர்களாகப் பேசினால் காது கொடுக்கலாம். வீட்டில் வந்து இதைச் சொன்னதும் கணவர் சிரித்தார்.

"டிரைவ் பண்ணிடுவே, அதுல டவுட் இல்ல. வாயை க்ளோஸ் பண்ணிட்டு டிரைவ் பண்ணுவியா, அதான் டவுட்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

புதன்கிழமைகளில் நான் கூட்டிப்போனது நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணியை. பின் சீட்டில் உட்கார்வார், ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார், அவ்வளவுதான். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம். மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். நான்காவது வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. ஆகா, பேச ஒரு வழி கிடைத்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். அந்தச் சிரிப்பு மறைந்தது. பெண்ணா பையனா என்றேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தோடு விட்டேனா? இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வேறு கேட்டேன். விளக்கு பச்சையாகிவிட்டது, பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள், நான் கிளப்பிப் போய்விட்டேன்.

அன்று அவர் மையத்தில் வட்டத்திலிருந்து பாதியிலேயே எழுந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த புதன்கிழமை கதவைத் தட்டினேன். திறக்கவே இல்லை.

மையத்துக்குத் தனியாகத் திரும்பிய என்னைப் பொறுப்பாளர் உட்கார வைத்தார். அந்தப் பெண்மணி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், என்னிடமும் சொல்லச் சொல்லியிருந்தார். அவருடைய எட்டு வயது மகளை, அவரால் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, அரசாங்கம் எடுத்துப்போய் வேறொரு குடும்பத்தில் விட்டிருக்கிறது. அவருடைய அம்மாவையும் சின்ன வயதில் இப்படித்தான் வலுக்கட்டாயமாகத் தூர ஊர் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்களாம். மையத்துக்கு ஒழுங்காக வந்து குணமானால்தான் கோர்ட் மகளைத் திருப்பித் தரும். இன்னும் இரண்டு மாதத்தில் விசாரணை. வராமல் நின்றுவிட்டால் பிள்ளை மேல் அக்கறை இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

பொறுப்பாளர் அடுத்து சொன்னதை அப்படியே தமிழில் சொல்கிறேன். "எத்தனை பிள்ளைகள்னு கேட்டுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தவங்க, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தாங்க."

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். ஏன் தெரியுமா? அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. கணவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுபோகும் பாட்லக் விருந்துக்கு எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும், தட்டில் சோறு விழுவதற்குள் ஒரு ஆன்ட்டி வந்துவிடுவார். "என்னம்மா, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா? டாக்டரை கன்சல்ட் பண்ணியா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி அழைப்புகளுக்குத் தலைவலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டவள் நான். அதே கேள்வியை, போயும் போயும் அவரிடம், கொஞ்சம்கூடக் கூசாமல் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் போய், நான் நின்றுகொள்கிறேன், வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். பொறுப்பாளர் வேண்டாம் என்று தலையாட்டினார். "நீங்க நின்னுட்டா உங்களுக்கு ஈஸி. அவங்களை விட்டுட்டுப் போனவங்க லிஸ்ட்டில் நீங்களும் ஒருத்தர் ஆயிடுவீங்க. அதே நேரத்துக்குப் போய் நில்லுங்க. கதவைத் தட்டாதீங்க." அவ்வளவுதான் சொன்னார். அந்த மையத்தில் வராதவர்களின் பெயரை அடிக்கும் வழக்கமே கிடையாதாம்.

அடுத்த புதன்கிழமை போய் அவர் வீட்டு எதிரில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் இருந்தேன். ஜன்னல் திரை அசைந்தது, யாரும் வரவில்லை. காலி காரோடு திரும்பினேன். ஒரு தாயின் தலையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்த வாரம் நல்ல மழை, அன்றும் வரவில்லை. மூன்றாவது வாரம், இனி வரமாட்டார் என்று சாவியைத் திருப்பப் போனபோது கதவு திறந்தது. வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார்.

கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவோ பேசிப் பழகி வைத்திருந்தேன். என் கதையைச் சொல்லி அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரு 'சாரி' மட்டும்தான். அவர் தலையசைத்தார். வண்டியைக் கிளப்பினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அவர் வராமல் இருக்கவில்லை.

விசாரணை நாளன்று கோர்ட்டுக்கு என்னையே ஓட்டி வரச் சொல்லிக் கேட்டிருந்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, உள்ளே அவருடன் போயிருந்த பொறுப்பாளர் வந்து என் கையைப் பிடித்தார். மகளை அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். இடையில் வராமல் போனதைப் பற்றித்தான் நீதிபதி முதலில் கேட்டாராம். "என் மனசு காயப்பட்டுப் போச்சு, அப்புறம் எழுந்து வந்துட்டேன்" என்று அவர் பதில் சொன்னாராம். யாரால் என்று கேட்டதற்கு, அதை விடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

சில நாள் கழித்து, மகளை அழைத்துவரவும் நான்தான் ஓட்டினேன். திரும்பும்போது பின் சீட்டில் அம்மாவும் மகளும். அவர் இவ்வளவு பேசுவார் என்று எனக்கு அன்றுதான் தெரியும். மகள் தலையைத் தடவிக்கொண்டே ஓயாமல் பேசினார், அவள் சிரித்தாள். ஃப்ரீவேயில் போனால் பத்து நிமிடத்தில் வீடு வந்துவிடும். நான் சிக்னல் நிறைந்த உள்ரோட்டில் திருப்பி, மெதுவாக, வாயே திறக்காமல் ஓட்டினேன்.

பிறகு நாங்கள் டெக்ஸாஸுக்கு மாறிப் போனோம். எனக்கும் ஒரு மகன் பிறந்தான். புதிதாக ஒரு பெண்ணைப் பார்த்தால் எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வி இன்றும் நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிட்டுச் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவைப்பேன். நான் கேட்ட மூன்று கேள்விகளால் அந்தச் சிறுமி தாயிடம் திரும்பாமலே போயிருக்கக்கூடும், அப்படியிருந்தும் அந்தத் தாய் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நினைத்தால், இதை எழுதும்போதும் என் கண் கலங்குகிறது.