மாமனாரின் மொச்சை

“இப்பவா?” என்று என் மாமனார் கேட்டது ஒரு வைகாசிக் காலையில். பதினோரு ஆண்டுகளில் அவர் என்னிடம் நேராகப் பேசியதை எல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். விலாசத்துக்கும் இடம் மிஞ்சும். அந்த ஒற்றைச் சொல்லைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள என் படிப்பு விடவில்லை. ஏளனமாகவே எடுத்துக்கொண்டேன். படித்தவனுக்கு ஏளனம் மட்டும் சட்டென்று புரிந்துவிடும்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த ஒன்றரை சென்ட் கரிசலில் அப்போது நான் ஒரு புரட்சி செய்துகொண்டிருந்தேன். மக்காச்சோளம், மொச்சை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் ஊன்றுவது. சோளத்தட்டையைப் பிடித்து மொச்சை ஏறும், மண்ணுக்கு உரமும் தரும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். அமெரிக்கப் பூர்வகுடிகள் இவற்றை ‘மூன்று சகோதரிகள்’ என்பார்களாம். சாப்பிடும்போது இதை விளக்கினேன். மாமனார் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. அவருக்கும் மூன்று பெண்கள். ஒரே கூரையின் கீழ் மூவரும் ஒரு பொங்கலைக் கழித்ததில்லை. சகோதரிகளைப் பற்றி அவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்திருக்கும்.

மொச்சை விதை அவருடையது. திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு தங்க வந்தபோது, இரண்டு வேட்டியோடு ஒரு தகர டப்பாவும் கொண்டுவந்தார். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த நிலத்தில் விளைந்த மொச்சையில் மிஞ்சியது அவ்வளவுதான். வண்டு விழாமலிருக்கச் செம்மண் பூசி வைத்திருந்தார். நான் கேட்காமல் எடுத்தேன். செம்மண்ணை அழுக்கென்று நினைத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். ஒரு விதை மிச்சமில்லாமல் ஊன்றி முடித்தபோதுதான் அவர் வந்து காலி டப்பாவைப் பார்த்தார்.

“மொச்சையா போட்டீக, மாப்ள?”

“ஆமா மாமா.”

“இப்பவா?”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

நூறு சொச்சம் நாளில் சோளம் முற்றிக் காய்ந்தது. பாதியைப் புழு தின்றது. மீதிக் கதிர்கள் பொக்கை வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. பூசணி ஒன்றே ஒன்று காய்த்து, அதுவும் அழுகியது. மொச்சை மட்டும் இலை இலையாக விட்டது, பூ இல்லை. செத்த தட்டைகள் அதன் பாரம் தாங்காமல் சாய்ந்தன. ஐப்பசி மழைக்குத் தோட்டம் முழுப் புதராகிவிட்டது. ஒரு நாள் வாசலில் அவர் பால்காரரிடம் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது: “எங்க மாப்ள தழை வெவசாயம்லய்யா பாக்குறாரு. ஒங்க ஆட்டுக்கு வேணும்னா வந்து அறுத்துக்கங்க.”

மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு இறங்கினேன். சத்தம் கேட்டு அவர் வந்தார்.

“அறுக்காதீக மாப்ள. அது பனிக்குத்தான் பூக்கும். இன்னும் ஒரு மாசம் பொறுங்க.”

“இத வைகாசியிலயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டீகளா? டப்பாவ எடுக்கையிலயும் கேக்கல.”

நியாயமான பதில். நியாயமான பதிலைப்போல எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறில்லை. நான் அரிவாளை நிறுத்தவில்லை. அவர் குரல் இறங்கியது. “வித்துக்காச்சும் ரெண்டு கொடிய விட்ருங்க. வேற இல்ல.”

கோபத்தில் அறுத்தேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் கோபம் அதற்குள் தீர்ந்திருந்தது. அந்த மனிதர் என்னிடம் ஒன்றைக் கேட்டு நிற்கிறார் என்பதில் ஒரு ருசி இருந்தது. கடைசிக் கொடிவரை அறுத்தேன். அன்று மத்தியானமே பாலவனத்தத்திலிருந்த மூத்த மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். “இப்ப மனசு நெறஞ்சுச்சா?” என்று மட்டும் என் மனைவி கேட்டாள். அவர் திரும்பி வரவேயில்லை.

போன மாதம் அங்கேயே இறந்தார். துட்டிக்கு வந்திருந்த அவர் ஊர்ப் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அவுக ஒரு மொச்சை வித்து வச்சிருந்தாகளே, அது இப்ப யாருட்ட இருக்கு? ஊருல ஒருத்தருட்டயும் இல்ல. ஒரு கைப்புடி கெடச்சாப் போதும்.”

என் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“தெரியலையேண்ணே” என்றேன். “அவுகதான் எதையும் யாருட்டயும் சொல்ல மாட்டாகளே.”