கொக்கியோடு பிறந்தவை

என் அக்கா வீட்டுக்காரரைச் சுரங்கத்தில் எல்லோரும் 'மருத்துவச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். முறுக்கு மீசை வைத்த ஆளுக்கு இப்படி ஒரு பெயர். அதே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற எனக்கு அவர் மாமா. ஆனாலும் கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

எங்கள் குழியில் இருக்கும் இயந்திரங்கள் தோண்டுவதோடு நிற்பதில்லை. தோண்டிய இரும்புக்கல்லை உருக்கி, வார்த்து, தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துவிடும். மூளை மட்டும் வெளியிலிருந்து பெட்டியில் வரும். அதைப் பொருத்தி, புதியது முதல் கை மண் அள்ளும்வரை பக்கத்திலேயே நிற்பது மாமாவின் வேலை.

"இன்னைக்கு ஒண்ணு பொறந்துச்சு" என்று வீட்டுக்கு வந்து சொல்வார். அக்காவும் ஆசையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசி டாக்டரம்மாவும் கையை விரித்த அன்று அக்கா சொன்னாள்: "இந்த வீட்டுல இனிமே அந்த வார்த்தையே வேணாங்க."

அதன்பிறகு மாமா, "இன்னைக்கு ஒண்ணு கூடுச்சு" என்று மட்டும் சொல்வார். அப்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

மாமா செய்த கூத்து ஒன்று உண்டு. சாப்பாட்டுப் பையைப் புழுதியில் வைக்க மனம் வராமல், முதல் இயந்திரத்தின் விலாவில் ஒரு கம்பியை வளைத்துக் கொக்கியாகப் பற்றவைத்துவிட்டார். அதுவோ, இன்னொன்றைச் செய்யுமுன் தன் உடம்பைத் தானே தடவி அளந்துகொள்ளும். கொக்கியும் உடம்பு என்று எடுத்துக்கொண்டது. அடுத்தது கொக்கியோடு வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

"அப்பன் ஜாடை தப்பல" என்று குழியே சிரித்தது. மாமாவுக்கு வெட்கம். ஆனால் புதியது எது வந்தாலும் முதலில் விலாப்பக்கம் போய்த் தொட்டுப் பார்ப்பார்.

பிறகு ஒரு புது இன்ஜினீயர் வந்து சேர்ந்தார். "எதுக்குங்க வீணா இரும்பு? எல்லாத்தையும் அறுத்துடுங்க."

"ஒரு கொக்கிதானே சார். எதுலயும் இடிக்காது, எதையும் தடுக்காது. இருந்துட்டுப் போகட்டுமே."

மாமா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் மசியவே இல்லை.

அறுக்க வேண்டிய அன்று மாமா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். அக்காவே பையோடு என் லாரியில் ஏறி வந்தாள். அவள் குழிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வரிசையாக நின்றவற்றின் விலாவைப் பார்த்தபடி நடந்தாள். அதே வளைவு, நுனியில் மாமா கை தவறி விட்ட அதே கோணல்.

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்" என்றார் மாமா.

கடைசியாக நின்ற புதியதில் பையை மாட்டினாள். அதன்மேல் கை வைத்தபடியே நின்றாள். மாமா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பையைக் கழற்றி அவளிடம் கொடுத்து, அறுக்கத் தொடங்கினார். அக்கா அழுதாள்.

ஒன்று மட்டும் தப்பியது. போன மழைக்கு முன்பே அதை மலைக்கு அந்தப் பக்கத்துப் புதுக் குழிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே வேறு ஆட்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"வாயத் தொறக்காத. கேட்டா அறுத்துடுவாங்க" என்றார் மாமா.

இப்போதெல்லாம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது, அக்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்:

"ஏங்க, அங்க இந்நேரம் ஒண்ணாவது பொறந்திருக்குமா?"