காற்றா தண்ணீரா என்று கேட்ட கோடை

என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நாள் முழுக்கப் போய்வந்துவிட்டு, விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து கணினியில் பஸ் ஓட்டுவார். மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய சின்ன ஸ்டியரிங், காலடியில் இரண்டு பெடல். திரையில் பனி பெய்யும் ஏதோ ஊரில் அவருடைய பஸ் திரும்பும். பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை, ஆனால் ஏன் என்று கேட்டதுமில்லை.

அந்த வருடம் கத்திரி வெயில் தொடங்கியதும் கணினி நடு ஓட்டத்தில் அணைந்துபோக ஆரம்பித்தது. திண்டிவனத்தில் எங்கள் வீடு மாடியில் இருந்தது. பகல் ஒரு மணிக்கு மேல் சுவரைத் தொட்டால் கை சுடும். அரை மணி நேரம் ஓட்டுவார், திரை கறுத்துவிடும். எதிரே கையை விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

இருவரும் விழுப்புரம் போய், கணினியை அசெம்பிள் பண்ணித் தந்த கடைக்காரரிடம் கேட்டோம். பிராசசர் தாங்காத சூடு ஏறினால் தானே அணைந்துகொள்ளும், அதோடு வந்த சின்ன ஃபேன் போதவில்லை என்றார். மேசைமேல் இரண்டு வகைக் கூலர் பெட்டிகளை வைத்தார். ஒன்றில் அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கிய ஒரு கோபுரம், பக்கத்தில் பெரிய ஃபேன். இன்னொன்றில் தண்ணீர் ஓடும் இரண்டு கறுப்புக் குழாய்களும் ஒரு சிறிய ரேடியேட்டரும்.

கணவர் குழாய்ப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். "தண்ணிதான் சரி. நம்ம பஸ்ஸு என்ஜின் வெறும் காத்துலயா ஆறுது?"

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். எனக்குச் சந்தேகம் தீராது. "இந்தத் தண்ணி சூட்ட எடுத்துக்கினு எங்க போவுது?"

"ரேடியேட்டருக்குங்க மேடம்."

"ரேடியேட்டர எது ஆத்துது?"

"அதுல ஃபேன் இருக்குதுங்க."

"அப்ப கடைசில ரெண்டுத்துக்கும் காத்துதான?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஆமாங்க. தண்ணி சூட்ட ஜல்தியா அந்தாண்ட கொண்டும்போவும், அவ்ளோதான்."

"உள்ள பம்ப் நின்னுபோச்சுன்னா எப்புடித் தெரியும்?"

"சூடு ஏறுனா தெரியுங்க."

கணவர் என் பக்கம் திரும்பினார். "நீ கேள்வி கேட்டுக்கினே இருந்தா அவரு எப்ப யாவாரம் பண்றது?" கோபம் இல்லை. ஆனால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்று எதையும் வாங்காமல் பஸ் ஏறினோம்.

மறுநாள் என்னிடமிருந்த வெப்பமானியை எடுத்தேன். அறையின் நடுவே தொங்கவிட்டேன்: முப்பத்தாறு. கணினி இருந்தது மேசைக்கு அடியில், மூன்று பக்கமும் பலகை அடைத்த இடுக்கில். தூசி விழாமல் இருக்க முன்னால் நானே ஒரு துணி தைத்து மாட்டியிருந்தேன். அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது துணிக்குள் வெப்பமானியை நுழைத்து, கால்மணி நேரம் கழித்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து. தான் வெளியே தள்ளிய சூட்டையே கணினிப் பெட்டி திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. பாதித் தப்பு என் துணியுடையது என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

பெட்டியை வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தோம். அரை மணி நேரம் ஒரு மணி நேரமானது. அப்புறம் பழையபடி அணைந்தது. வேறு கூலர் வாங்க வேண்டியதுதான் என்றாகிவிட்டது.

அந்த வாரம் என்னோடு வேலை செய்யும் வேதியியல் டீச்சர், மரக்காணம் பக்கத்தில் தன் குப்பத்துக் கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்து கரையில் நின்றிருந்தபோது அவருடைய அண்ணன் ஃபைபர் படகைத் தண்ணீரில் தள்ளி என்ஜினைக் கிளப்பினார். கிளப்பியதும் முன்னால் பார்க்காமல் பின்பக்கம் குனிந்து என்ஜினையே பார்த்தார். அதன் பக்கவாட்டில் விரல் தடிமனுக்கு ஒரு தண்ணீர்த் தாரை பீச்சியது. அதைப் பார்த்த பிறகுதான் படகை நகர்த்தினார்.

திரும்பி வந்தவரிடம் அது என்ன என்று கேட்டேன்.

"கடல் தண்ணிய இழுத்து என்ஜின ஆத்திட்டு வெளிய உடுதுங்க. அது வர்ற வரைக்கும் என்ஜின் நல்லாருக்குதுன்னு அர்த்தம். நின்னா உடனே ஆஃப் பண்ணிடணும். கண்ணு அதும்மேலயே இருக்கணும்."

பக்கத்தில் நின்ற என் கணவர் அந்தத் தாரை பீச்சிய இடத்தையே பார்த்தார். "நம்ம வண்டியிலயும் முள்ளு இருக்குது. சூடு ஏறுனா காட்டும்," என்றார். "அந்தத் தண்ணி டப்பாவுல பம்ப் நின்னா கண்ணுக்கு எதுவுந் தெரியாதுல்ல." வீடு திரும்பும் வழியில் அவரே சொன்னார்: "காத்துக் கூலரே வாங்கிடலாம். ஃபேன் நின்னா காதுல கேக்கும்."

வாங்கினோம். வீட்டில் அவரே பொருத்தினார். முடித்து மூடியைச் சாத்தப்போனால், கோபுரம் பெட்டியைவிட ஒரு விரல் உயரம் அதிகம். மூடவில்லை. கடைக்காரரும் அளந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வெப்பத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தேன். மாற்றித் தருவதாகக் கடைக்காரர் போனில் சொன்னார். ஆனால் அதற்குள் கணவருக்கு அது பிடித்துவிட்டது. "பழைய வண்டியில பானெட்டத் தொறந்து போட்டுக்கினு ஓட்றாப்பல இருக்குது, உடு," என்றார். பல்லி உள்ளே போய்விடுமே என்று நான் பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி, துணிக் கிளிப் போட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓட்ட உட்கார்ந்தார். அந்தக் கோடையில் அந்த நேரத்தில் ஒரு டிரிப்பும் முடித்ததில்லை. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, பிராசசரின் சூட்டைக் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வரை ஏறியது, எழுபத்திரண்டில் நின்றது. ஃபேன் ஒரே சீராக இரைந்தது. அறையின் புழுக்கம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. பெட்டி விட்ட சூடு நேரே எங்கள் முகத்துக்கு வந்தது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கடைசி நிறுத்தம் வரை ஓட்டி, பஸ்ஸை ஓரங்கட்டி, கதவைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் கேட்டேன். "ஏங்க, நாளெல்லாம் ஓட்டிட்டு வந்து இதயும் ஏன் ஓட்றீங்க?"

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"அங்க ஓட்டும்போது ரோட்ட மட்டுந்தான் பாக்க முடியும். அம்பது பேரு பின்னால இருக்காங்க. வழியில ஏரி எப்ப ரொம்புச்சி, எந்த வயல்ல மல்லாட்டப் பயிரு போட்டுக்கினு இருக்காங்க, ஒண்ணும் தெரியாது. இதுல ஊரப் பாத்துக்கினே போலாம்."

கல்யாணமாகி ஒன்பது வருடம். அவர் ஓட்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஏரியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவரும் பார்ப்பதாகவே நினைத்திருந்தேன்.

"நீ ஓட்றியா?" என்று எழுந்து நாற்காலியைத் தந்தார். பெடல் எனக்கு எட்டவில்லை. அவர் குனிந்து அதை முன்னால் நகர்த்தி வைத்தார். கிளம்பிய வேகத்தில் பஸ் ஒரு ரொட்டிக் கடையில் போய் மோதியது.

"பரவால்ல, பொறுமையா ரிவர்ஸ் எடு," என்றார்.